நாற்பத்தோராம் பக்கம்

சங்கக் கணக்கைப் பார்க்க என்னைத் தேர்ந்தெடுத்தார்கள்.
காரணம் பெரிதாக ஒன்றுமில்லை.
மூன்றாம் கிட்டங்கியில் மூட்டை எண்ணுகிறவன்,
எண்ணிக்கை தப்பாது என்று பேர்.
கண்ணாடியும் போட்டிருந்தேன்.

கெப்பல் சாலையில் மாடியறை.
கீழே ஹைனான்காரர் கோப்பிக் கடை.
வறுக்கிற வாசம் படியேறி வந்து
ரசீதுப் புத்தகங்களுக்குள் படுத்துக்கொள்ளும்.
மாதம் ஒரு வெள்ளி சந்தா,
தொள்ளாயிரத்துப் பதினேழு பேர்.
ஓர் ஆள் செத்தால் முந்நூறு வெள்ளி
வீட்டுக்குப் போக வேண்டும்.
விதி எண் பதினாறு.

நாற்பத்தோராம் பக்கம்:
மாயழகு. விஞ்சுக் கம்பி அறுந்து இறந்தவன்.
பெற்றுக்கொண்டவர்: மனைவி செம்பாயி.
எதிரே ஒரு கைநாட்டு,
ஊதா மை.

செம்பாயி கைநாட்டு வைக்கிறவள் இல்லை.
சங்கத்து இரவு வகுப்பில்
மூன்று மாதத்தில் பெயரெழுதக் கற்றவள்.
முதல் தடவை எழுதிய சிலேட்டை
அழிக்க மனமில்லாமல் வீட்டுக்கே கொண்டுபோனவள்.
அந்தச் சிலேட்டுக்கும் செலவு எழுதியிருக்கிறது,
இருபத்தெட்டாம் பக்கம், ஐம்பது காசு.

விளக்கைக் கிட்டே இழுத்தேன்.
ரேகைகளுக்குக் குறுக்கே
வெள்ளையாய் ஒரு கோடு,
மேலிருந்து கீழாக, சற்றே சாய்ந்து.

அந்தக் கோட்டை எங்களில் அறியாதவர் யார்?
ஐம்பத்தைந்து மறியலில்
வாசற்கதவுச் சங்கிலியை விடாமல் பிடித்தபோது
செயலாளர் வைரக்கண்ணுவின் கட்டைவிரல் பிளந்தது.
ஏழு தையல்.
மேடைக்கு மேடை தூக்கிக் காட்டுவார்:
"இதுதான் என் படிப்பு, தோழர்களே!"
நானும் அழுதிருக்கிறேன்,
ஒரு தடவை அல்ல.

கேட்டேன். அவர் ஒளிக்கவில்லை.
"லாரிக்குப் போச்சு. ஒலிபெருக்கிக்குப் போச்சு.
நம்ம ஆளு சபைக்குப் போகட்டும்,
முந்நூறு என்னய்யா,
மூவாயிரமா வாங்கித் தர்றேன் அவளுக்கு."
சொல்லிக்கொண்டே மணி பார்த்தார்.
கடிகாரம் புதிது.
அதை லாரியில் எழுதுவதா
ஒலிபெருக்கியில் எழுதுவதா என்று
நான் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை, பள்ளித் திடல்.
வேட்பாளர் எங்கள் பெயர்களைத்
தாளில் பார்த்து வாசித்தார்.
மாயழகுவையும் வாசித்தார்,
தமக்குத் தோள் கொடுக்க வந்தவர்கள் வரிசையில்.
யாரும் திருத்தவில்லை.
"சங்கத்தின் ஆதரவு இவருக்கே!
கை தூக்குங்கள்!"
பிளந்த விரல் முதலில் எழுந்தது.
தூறல். பொட்டலங்களில் பிரியாணி ஆறிக்கொண்டிருந்தது.
எண்ணிக்கை தப்பாதவன் நான், எண்ணினேன்.
அறுநூற்று எட்டு.
கடைசியில் என்னுடையதையும் சேர்க்க வேண்டியிருந்தது.

வேட்பாளர் ஜெயித்தார்.

செவ்வாய் இரவு செம்பாயி மாடியேறி வந்தாள்,
நான்தான் ஆள் அனுப்பினேன்.
புத்தகத்தை அவள் பக்கம் திருப்பினேன்.
பணத்தைப் பற்றி எடுத்ததும் கேட்கவில்லை.
"எனக்கு எழுத வரும்னு அவருக்குத் தெரியுமே.
'செ'வுக்குக் கொம்பு போட மறந்தா
அவர்தானே சாக்கட்டியால தலையில தட்டுவாரு."

பேனாவை வாங்கினாள்.
ஊதா விரலுக்கு அடியில்
நாக்கைக் கடித்துக்கொண்டு, மெல்ல,
ஒவ்வோர் எழுத்தாக.
கொம்பு இருந்தது.
பேனாவை மூடப் போனவள் நிமிர்ந்தாள்:
"இப்ப நான் பணம் வாங்கிட்டேன்னு
ஆயிடுமா?"

அவள் போன பிறகு
அறிக்கைத் தாளில் அச்சடித்திருந்த
'சரிபார்க்கப்பட்டது' என்ற சொல்லை அடித்தேன்.
மேலே இரண்டு விரற்கடை இடம் இருந்தது.
கீழே கோப்பி வறுக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

ஒஸ்மான் சாவியோடு வந்து நின்றான்.
"லாமா லாகி?" என்றான், பூட்டை ஆட்டிக்கொண்டே.
இன்னும் நேரமாகும் என்றேன்.